முன்பே சொல்வோம், பின்னால் சொல்லிக் காட்ட வேண்டாம்



நம் அறக்கட்டளைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம், மருத்துவச் செலவு, விதவை உதவித்தொகை என்றுதான் மனு எழுதிக்கொண்டு வருகிறார்கள். மனுவை வாங்கி வைத்துவிட்டு, உட்கார வைத்துப் பேசினால், பணத் தட்டுப்பாட்டுக்குப் பின்னால் பல நேரம் வேறொரு வருத்தம் இருப்பது தெரிகிறது. "கடைசி வரைக்கும் பையன் பார்த்துக்குவான்னு இருந்தேன்." "அண்ணன் நம்மள விட்டுட மாட்டார்னு நெனச்சோம்." "சம்பந்தி வீட்ல இப்படிப் பேசுவாங்கன்னு எதிர்பார்க்கல." விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும், ஜமாஅத்தில் பேசித் தீர்க்க வரும் குடும்ப விவகாரங்களிலும் இதே வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

இப்படி வருந்துகிறவர்களிடம் நாங்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்போம். "இதை அவரிடம் முன்பே சொன்னீர்களா?" பெரும்பாலும் வரும் பதில், "இதெல்லாம் வாய் விட்டுச் சொல்லணுமா? அவருக்கே தெரிய வேண்டாமா?" என்பதுதான். இந்த இதழில் அந்தப் பதிலைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

எதிர்பார்க்கவே கூடாதா?

"எதிர்பார்த்தால்தானே ஏமாற்றம்? எதையும் எதிர்பார்க்காமல் இருந்துவிடு" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. ஆறுதலுக்கு அது நல்ல வார்த்தை. ஆனால் அப்படி ஒரு நாள்கூட யாராலும் வாழ முடியாது. மல்லாட்டை விதைக்கும் விவசாயி மழையை எதிர்பார்த்தே விதைக்கிறார். மளிகைக் கடைக்காரர், முதல் தேதியில் பணம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசியைக் கொடுக்கிறார். தான் அழுதால் அம்மா வருவாள் என்று தொட்டில் குழந்தையும் எதிர்பார்க்கிறது.

மழையிடம் நம் எதிர்பார்ப்பைச் சொல்ல வழியில்லை. மனிதர்களிடம் சொல்ல வழியுண்டு. மளிகைக் கடைக்காரர் சொல்கிறார், நோட்டிலும் எழுதுகிறார். ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால், மழைக்குக் காத்திருப்பதைப் போல வாய் திறக்காமலே பெற்ற பிள்ளையிடமும் கட்டிய மனைவியிடமும் கூடப்பிறந்தவர்களிடமும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம்.

எதிர்பார்ப்பால் நன்மையும் உண்டு என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறோம். 1960களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ராபர்ட் ரோசென்தால் என்ற உளவியல் பேராசிரியரும் லெனோர் ஜேக்கப்சன் என்ற பள்ளி முதல்வரும் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆய்வு செய்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். பிறகு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயர்களைக் கொடுத்து, இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் தெரிவித்தார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கிப் போட்டு எடுத்தவை. ஆண்டு முடிவில் பார்த்தால், முக்கியமாக 1, 2 ஆம் வகுப்புகளில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். 1968இல் புத்தகமாக வந்த இந்த ஆய்வு பலமாக விவாதிக்கப்பட்டது. அதன் விளைவு முதலில் சொன்ன அளவுக்குப் பெரிதல்ல என்று பின்வந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனாலும், ஆசிரியர் ஒரு பிள்ளையை நம்பினால் அவர் பேசும் விதமும், பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமையும் மாறுகின்றன. அது பிள்ளையையும் மாற்றுகிறது என்பது நிலைத்து நிற்கிறது.

இரண்டாவது உதாரணம் நமக்கு நெருக்கமானது. பத்தனம்திட்டாவில் ஒரு ராவுத்தர் குடும்பத்தில் 1927இல் பிறந்தவர் எம். ஃபாத்திமா பீவி. வேதியியலில் பட்டம் பெற்ற மகளை, சட்டம் படிக்கும்படி ஊக்குவித்தவர் அவருடைய தந்தை மீரா சாஹிப். முஸ்லிம் வீட்டுப் பெண் கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றத்தில் நிற்பதை யாரும் நினைத்துப் பார்க்காத காலம் அது. 1950இல் அவர் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். 1997 முதல் 2001 வரை நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார்.

இந்த இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு. எதிர்பார்த்தவர்கள் தாங்களும் வேலை செய்தார்கள். ஆசிரியர்கள் கூடுதலாகக் கற்பித்தார்கள். தந்தை தன் விருப்பத்தை வெளிப்படையாகச் சொன்னார், படிக்க வைத்தார், துணை நின்றார். நல்ல எதிர்பார்ப்பு எதிர்பார்ப்பவரையும் வேலை வாங்கும். மனதுக்குள் பூட்டி வைத்த எதிர்பார்ப்பு மற்றவரை மட்டும் வேலை வாங்கப் பார்க்கும்.

உரிமை வேறு, வாக்கு வேறு, எதிர்பார்ப்பு வேறு

குடும்பச் சண்டைகளைக் கவனித்தால் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடப்பது தெரியும். முதலாவது உரிமை, அதாவது ஹக். மனைவிக்கு மஹர் உரிமை. மகளுக்குச் சொத்தில் பங்கு உரிமை. வயதான பெற்றோருக்குப் பராமரிப்பு உரிமை. இவற்றை யாரும் கேட்டுப் பெற வேண்டியதில்லை. கேட்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது வாக்கு. நானே மனமுவந்து சொன்னது. சொன்னபிறகு நிறைவேற்றக் கடமைப்பட்டது. மூன்றாவது எதிர்பார்ப்பு. அது எனக்குள் இருப்பது. எதிரில் இருப்பவர் அதற்குச் சம்மதித்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், நம் எதிர்பார்ப்பை நாமே உரிமை என்று நினைத்துக்கொள்ளும் இடத்தில். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் 5 பவுன் போடுவார் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் 2 பவுன் போடுகிறார். தன்னால் முடிந்ததைச் செய்துவிட்ட நிறைவு அவருக்கு. 3 பவுனை ஏமாற்றிவிட்டார் என்ற கோபம் இவர்களுக்கு. தான் வாங்காத கடனுக்கு அவர் கடன்காரர் ஆகிவிட்டார்.

அந்தக் கோபம் சும்மா இருப்பதில்லை. ஒரு நாள், சம்பந்தமில்லாத ஒரு பேச்சில் வெளியே வரும். "உன்னைப் படிக்க வைக்க நான் என்னெல்லாம் செஞ்சேன் தெரியுமா?" என்று தொடங்கும். இதைத்தான் தமிழில் சொல்லிக் காட்டுதல் என்கிறோம். கொடுத்த தர்மத்தைச் சொல்லிக் காட்டி அதன் நன்மையை அழித்துவிட வேண்டாம் என்று சூரா அல்பகராவின் 264 ஆம் வசனம் எச்சரிப்பதை நாம் அறிவோம். ஆனால் மனிதர்கள் ஏன் சொல்லிக் காட்டுகிறார்கள் என்பதை யோசித்தால், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாததுதான் அதற்குக் காரணம் என்று தெரிகிறது. செய்வதற்கு முன் சொன்னால் அது எதிர்பார்ப்பு. செய்து முடித்துப் பல வருடம் கழித்துச் சொன்னால் அது சொல்லிக் காட்டுதல். பல நேரங்களில் வார்த்தைகள்கூட ஒன்றாகவே இருக்கும். சொல்லும் காலம்தான் வேறு.

வீட்டை எழுதிக் கொடுத்த பெற்றோர்

சொல்லாத எதிர்பார்ப்பு நீதிமன்றம் வரை போனால் என்ன ஆகும்? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. இது எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும். இதன் 23 ஆம் பிரிவு முக்கியமானது. 60 வயதைக் கடந்த ஒருவர், தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி தீர்ப்பாயத்தைக் கேட்கலாம்.

"நிபந்தனையோடு" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 2022 டிசம்பரில் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததாகக் காட்டினால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் பல நேரங்களில் பாசத்தினால், பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் எழுதிக் கொடுப்பதும் உண்டு. எனவே எழுதிக் கொடுத்தாலே நிபந்தனை இருந்ததாக ஆகிவிடாது என்பது நீதிமன்றத்தின் பார்வை.

அடுத்தது, 2025 ஜனவரி 2 அன்று அதே நீதிமன்றம் ஊர்மிளா தீட்சித் வழக்கில் சொன்ன தீர்ப்பு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த தாய், மகனுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதோடு, தாயைக் கடைசி வரை கவனிப்பேன் என்ற உறுதிமொழித் தாள் ஒன்றும் இருந்தது. மகன் கவனிக்கவில்லை என்று தாய் வழக்குத் தொடுத்தார். இந்தச் சட்டம் முதியோரின் நலனுக்காக வந்தது, அந்த நோக்கத்தோடுதான் அதைப் படிக்க வேண்டும் என்று கூறிய நீதிமன்றம், தானத்தை ரத்து செய்து சொத்தைத் தாயிடம் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது.

மூன்றாவது நம் தமிழ்நாட்டு வழக்கு. நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 80 வயதைத் தாண்டிய தாய் ஒருவர், மகள்கள் இருந்தும், மகன் பெயருக்குச் சொத்தை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். மகன் இறந்துபோனார். மருமகள் தன்னைக் கவனிக்கவில்லை என்று அந்தத் தாய் வருவாய் கோட்டாட்சியரிடம் முறையிட்டார். கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்தார். மருமகள் மேல்முறையீட்டுக்குப் போனார். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தாயின் பக்கமே தீர்ப்பளித்தது. அன்பும் பாசமும் கருதி எழுதிக் கொடுக்கும்போது, கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது, பத்திரத்தில் தனியாக எழுதாவிட்டாலும் அதைக் கணக்கில் கொள்ளலாம் என்றது நீதிமன்றம்.

சட்டத்தின் போக்கு பெற்றோருக்கு ஆதரவாக விரிந்து வருவது ஆறுதலான செய்தி. ஆனால் அந்தத் தாய் எத்தனை படி ஏறி இறங்கினார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மனதில் இருந்ததை நீதிமன்றம் ஊகித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தாள் இருந்த இடத்தில் அந்தத் தாளே பேசியது.

நம் குடும்பங்களில் ஹிபா செய்யும்போது இன்னொரு விஷயமும் உண்டு. நிபந்தனையோடு கொடுக்கும் ஹிபாவைப் பற்றி மார்க்கச் சட்டத்தில் தனி விளக்கங்கள் இருக்கின்றன. மத்ஹபுக்கு மத்ஹப் வேறுபாடும் உண்டு. எனவே பத்திரம் எழுதுபவரிடம் போவதற்கு முன் ஓர் ஆலிமையும் ஒரு வழக்கறிஞரையும் கேட்டுவிட்டுப் போவது நல்லது. பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுப்பதாக இருந்தால் மற்றவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். கொடுக்கும் விஷயத்தில் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி நபி (ஸல்) அவர்கள் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தைக்குச் சொன்ன செய்தி நாம் அறிந்ததே.

ஏற்கெனவே சிரமத்தில் இருக்கும் பெரியவர்கள் விழுப்புரம் வருவாய் கோட்டாட்சியர் அலுவலகத்திலோ திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகத்திலோ மனுக் கொடுக்கலாம். இந்தச் சட்டத்தின் கீழ் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை உத்தரவிட முடியும். நேரில் போக முடியாதவர்கள் வேறொருவருக்கோ ஓர் அமைப்புக்கோ அதிகாரம் கொடுத்து மனுச் செய்யவும் சட்டம் இடம் தருகிறது. முதியோர் உதவிக்கான தேசிய எண் 14567.

இந்த ஆண்டே என்று யார் சொன்னது?

எல்லா ஏமாற்றத்துக்கும் எதிரில் இருப்பவர் காரணமல்ல. சில நேரம் அவர் சொன்னதோடு நாமே கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறோம். இதற்கு ஹுதைபிய்யாவைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஹிஜ்ரி 6இல் ஏறத்தாழ 1,400 தோழர்களோடு நபி (ஸல்) அவர்கள் உம்ராவுக்காகப் புறப்பட்டார்கள். குறைஷிகள் தடுத்தார்கள். இந்த ஆண்டு திரும்பிப் போய் அடுத்த ஆண்டு வர வேண்டும் என்று உடன்படிக்கை ஆயிற்று. கஅபாவைக் காணப் போகிறோம் என்று வந்த தோழர்களால் தாங்க முடியவில்லை. உமர் (ரலி) அவர்கள், நாம் கஅபாவுக்குச் செல்வோம் என்று தாங்கள் சொல்லவில்லையா என்று கேட்டார்கள். சொன்னேன், ஆனால் இந்த ஆண்டே என்று சொன்னேனா என்ற கருத்தில் நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இல்லை என்பதே உமர் (ரலி) அவர்களின் பதிலாக இருந்தது. அடுத்த ஆண்டு அது நிறைவேறியது.

அங்கே இன்னொன்றும் நடந்தது. அறுத்துப் பலியிட்டு, தலைமுடி களையுங்கள் என்று நபியவர்கள் சொன்னபோது, மனம் உடைந்திருந்த தோழர்கள் அசையாமல் இருந்தார்கள். நபியவர்கள் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கூடாரத்தில் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். யாரிடமும் பேசாமல் தாங்களே முதலில் செய்யுங்கள் என்று அன்னையவர்கள் ஆலோசனை சொன்னார்கள். நபியவர்கள் அப்படியே செய்ததைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். ஏமாந்த மனதுக்குக் கொஞ்சம் நேரமும், முன்னால் ஒருவர் செய்து காட்டுவதும் தேவை என்பதை இது காட்டுகிறது. இந்தச் சம்பவத்தை விரிவாகச் சொல்லும் ஹதீஸை இமாம் புகாரி அவர்கள் தம் தொகுப்பில் நிபந்தனைகள் பற்றிய பகுதியில் வைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது.

"நாங்க எதுவும் கேக்கல"

சொல்லாத எதிர்பார்ப்புகள் அதிகம் கூடும் இடம் கல்யாணப் பேச்சு. "நாங்க எதுவும் கேக்கல. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க." கேட்பதற்கு இதைவிடப் பெருந்தன்மையான பேச்சு கிடையாது. பெண்ணைப் பெற்றவரின் தூக்கத்தைக் கெடுப்பதும் இதே பேச்சுதான். இதன் உள்ளே எத்தனை பவுன், என்ன வண்டி, எத்தனை பேருக்கு விருந்து என்று ஒரு பட்டியல் இருக்கும். பட்டியல் எதிர்த் தரப்புக்குக் காட்டப்படாது. கல்யாணம் முடிந்த பிறகு, பொண்ணுக்கு மட்டும் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டப்படும்.

சட்டம் இதை விட்டு வைக்கவில்லை. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் நேராகக் கொடுப்பதையும் மறைமுகமாகக் கொடுப்பதையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. கொடுத்தாலும் வாங்கினாலும் 5 ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு. மஹர் இந்தச் சட்டத்தில் வரதட்சணையாகக் கருதப்படாது என்றும் தெளிவாக இருக்கிறது. மணமக்களுக்கு வரும் அன்பளிப்புகளைப் பட்டியல் எழுதி, மதிப்பையும் கொடுத்தவர் பெயரையும் குறித்து, இருவரும் கையெழுத்திட்டு வைக்க 1985இல் விதியே போட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்?

நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். நிபந்தனைகளில் மிக அதிகமாக நிறைவேற்றத் தகுதியானவை திருமணத்தின்போது ஏற்றுக்கொண்டவை என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. ஆனாலும் நம் நிக்காஹ் பதிவேட்டில் மஹர் தொகையும் சாட்சிகள் பெயரும் எழுதுவதோடு நின்றுவிடுகிறோம். பெண் படிப்பைத் தொடரலாமா, வேலைக்குப் போகலாமா, மாப்பிள்ளை வெளிநாடு போனால் பெண் எங்கே இருப்பாள், மாமனார் மாமியாரோடு சேர்ந்து இருப்பதா தனியாக இருப்பதா என்பதெல்லாம் பேசப்படுவதே இல்லை. பின்னால் பஞ்சாயத்துக்கு வருவது பெரும்பாலும் இவைதான். "கல்யாணத்துக்கப்புறம் படிக்க வைப்பாங்கன்னு நெனச்சேன்" என்று பெண் சொல்வாள். "படிக்கணும்னு எங்ககிட்ட யாரும் சொல்லல" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

பேசினால் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். முறிந்தால் பேச்சோடு போகும். நிக்காஹுக்குப் பிறகு முறிந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையும், சில நேரம் ஒரு குழந்தையின் வாழ்க்கையும் சேர்ந்து முறியும்.

வெளிநாட்டுச் சம்பளமும் வீட்டுக் கணக்கும்

நம் பகுதியிலிருந்து வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் பலர். அங்கிருந்து அனுப்பும் பணத்தில் இங்கே வீடு கட்டப்படுகிறது. தங்கைகள் கரை சேர்கிறார்கள். அங்கே அறைக்கு எத்தனை பேர், ஓவர்டைம் உண்டா, சம்பளம் மூன்று மாதம் நின்றதா என்பதை அவர் வீட்டுக்குச் சொல்வதில்லை. வீட்டில் கவலைப்படுவார்களே என்று மறைக்கிறார். இங்கே ஆகும் செலவை வீட்டாரும் முழுதாகச் சொல்வதில்லை. இப்படி இரண்டு பக்கமும் பாசத்தினாலேயே மறைத்து, இரண்டு பக்கமும் தவறான கணக்கோடு எதிர்பார்க்கிறார்கள்.

அவர் ஊருக்குத் திரும்பியதும்தான் அடி விழுகிறது. 15 வருடம் அனுப்பிய பணத்தில் தன் பெயருக்கு ஒரு மனையாவது இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். அனுப்பியது குடும்பச் செலவுக்கு என்று அத்தா நினைத்திருப்பார். தம்பி அந்தப் பணத்தில் கடை வைத்திருப்பார். கடை தனக்கா, இருவருக்குமா என்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அனுப்பிய பணம் அன்பளிப்பா, கடனா, கூட்டு முதலா என்று அனுப்பும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282 ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. தவணை குறிப்பது, எழுத்தர் நீதமாக எழுதுவது, சாட்சிகள் வைப்பது என்று அத்தனை விவரம் அதில் இருக்கிறது. அண்ணன் தம்பிக்கு அது பொருந்தாது என்று எங்கும் விலக்குச் சொல்லப்படவில்லை. எழுதிக்கொள்வது சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்யவே என்பதும் அதன் கருத்து. எழுதுவதை அவநம்பிக்கை என்று நாம்தான் எடுத்துக்கொள்கிறோம்.

பிள்ளைகளிடம்

பிளஸ் டூ முடிவும் நீட் முடிவும் வரும் நாட்களில் வீடுகளில் நிலவும் அமைதி நமக்குத் தெரியும். மேலே சொன்ன ஃபாத்திமா பீவி அவர்களின் தந்தையைப் போல எதிர்பார்ப்பது வேறு. "மாமா மகன் டாக்டர் ஆகிட்டான், நீயும் ஆகணும்" என்று எதிர்பார்ப்பது வேறு. முதலாவதில் கண் பிள்ளையின் மேல் இருக்கிறது. இரண்டாவதில் கண் பக்கத்து வீட்டின் மேல் இருக்கிறது.

எதிர்பார்த்தது கிடைக்காமல் போனாலும் வாழ்க்கை நிற்காது என்பதையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். ராமேஸ்வரத்துப் பிள்ளை ஏ.பி.ஜே. அப்துல் கலாம், விமானப்படை விமானியாக வேண்டும் என்று ஆசைப்பட்டு டேராடூன் சென்றார். வந்திருந்த 25 பேரில் 8 பேருக்கு இடம். அவர் 9 ஆவதாக வந்தார். ஓர் இடத்தில் தவறிப்போன அந்த வேலை கிடைத்திருந்தால் அவருடைய வாழ்க்கை வேறு திசையில் போயிருக்கும். அவருடைய பொறியியல் படிப்புக்காக நகைகளை அடகு வைத்துப் பணம் கொடுத்த அக்கா ஜொஹரா அவர்களின் நம்பிக்கை, ஒரு தேர்வின் முடிவோடு முடிந்துவிடவில்லை. நம் பிள்ளைக்கும் அப்படி ஓர் ஆள் வீட்டில் வேண்டும்.

எப்படிச் சொல்வது?

சொல்வது என்றால் கட்டளை போடுவதும் பட்டியல் நீட்டுவதும் அல்ல. மனம் நன்றாக இருக்கும்போது, சண்டை எதுவும் இல்லாத ஒரு நாளில் பேச வேண்டும். "நீ செய்யவே மாட்டேங்கறே" என்று தொடங்காமல், "எனக்கு இப்படி இருந்தா நல்லா இருக்கும், உன்னால முடியுமா?" என்று கேட்க வேண்டும். "முடியாது" என்று அவர் சொல்ல இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் அது எதிர்பார்ப்பு அல்ல, நிர்ப்பந்தம்.

முடியாது என்று அவர் சொன்னால் வருத்தம் வரும். ஆனால் 15 வருடம் கழித்து வருவதைவிட இன்றே வருவது சிறிய வருத்தம். வேறு ஏற்பாடு செய்துகொள்ள நமக்கும் நேரம் இருக்கும். மகன் சென்னையிலேயே இருந்துவிடப் போகிறான் என்று 55 வயதில் தெரிந்தால் முதுமைக்குச் சேமிக்கலாம். 75 வயதில் தெரிந்தால் அழத்தான் முடியும்.

பணம், சொத்து, கல்யாணம் ஆகிய மூன்றிலும் பேசியதை எழுதி வையுங்கள். மற்றவற்றில் பேசினாலே போதும். சூழ்நிலை மாறும்போது மறுபடியும் பேசுங்கள். வேலை போன மகனிடம் பழைய வாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நியாயமாகாது. பதிலுக்கு எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்து கொடுத்ததை முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். அதற்கு மனதிலும் கணக்கு வேண்டாம்.

குடும்பத்துக்குள் இப்படிப் பேச ஒரு நடுநிலையான ஆள் தேவைப்பட்டால், உங்கள் மஹல்லா இமாமையோ நம் அறக்கட்டளையையோ அணுகுங்கள். செட்டில்மென்ட், ஹிபா எழுத நினைக்கும் பெரியவர்கள் கையெழுத்துப் போடும் முன் வந்தால், வழக்கறிஞரிடமும் ஆலிமிடமும் பேச ஏற்பாடு செய்து தருகிறோம், இன்ஷா அல்லாஹ். கையெழுத்துப் போட்ட பிறகு வருபவர்களுக்கும் உதவுகிறோம். ஆனால் முன்பே வந்தவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் செய்ய முடிந்ததை, பின்னால் வந்தவர்களுக்குச் செய்து முடிக்கச் சில நேரம் வருடங்கள் ஆகின்றன.

இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் மனதில் யார் மேலாவது ஒரு பழைய வருத்தம் எழுந்தால், அவரிடம் அதைக் கேட்டிருக்கிறோமா என்று ஒரு முறை யோசியுங்கள். கேட்கவில்லை என்றால், இந்த ஜும்ஆ முடிந்ததும் போய்க் கேளுங்கள். அவருக்கும் உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கலாம். அதையும் உட்கார்ந்து கேளுங்கள்.

அல்லாஹ் நம் குடும்பங்களில் மனம் விட்டுப் பேசும் பழக்கத்தையும், பேசியபடி நடக்கும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.